வேலாத்தாள் குழாயை நிறுத்தினாள்

நவநீதனைச் சாயப்பட்டறையின் கழிவுத் தொட்டியிலிருந்து எடுத்து, ஆஸ்பத்திரிச் சவக்கிடங்கில் இரண்டு நாள் போட்டு வைத்து, பிறகு ஒரு சாயங்காலம் வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து வீட்டுக் கூடத்தில் கிடத்தியபோது, அவன் அம்மா வேலாத்தாள் அழ வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை, கண்ணைத் துடைக்க முந்தானையை எடுத்தாள், கண்ணில் ஈரமில்லை, அதே நேரத்தில் சமையலறை சிங்க்குக்கு மேலிருந்த குழாய் சொட்ட ஆரம்பித்தது.

சாவு வீட்டில் குழாய் ஒழுகுவதை யார் கவனிப்பார்கள். பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள், ஆண்கள் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள், காட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து எல்லாரும் தலைமுழுகி வந்த பிறகுதான் உறவுக்காரி ஒருத்தி அதைத் திருகி இறுக்கிப் பார்த்தாள், நிற்கவில்லை. மாடித் தொட்டியில் தண்ணீர் இருந்தாலும் அது சொட்டியது, தண்ணீர் விடாமல் தொட்டி வறண்டு அடிப்பாசி வெடித்துக் கிடந்த நாட்களிலும் சொட்டியது, ஒரு மூச்சுக்கு ஒரு சொட்டு, அடுத்த மூச்சுக்கு அடுத்த சொட்டு. விழுந்த இடத்தில் எவர்சில்வர் சிங்க்கில் இளநீலமாக ஒரு கறை படிந்தது, சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் எலுமிச்சந்தோல் போட்டுத் தேய்த்தாலும் போகவில்லை. நவநீதன் இறங்கிய தொட்டியில் அன்றைக்கு இருந்தது நீலச் சாயக் கழிவு என்பது வீதிக்கே தெரியும் என்பதால், அந்தக் கறையைப் பார்த்தவர்கள் எல்லாரும் பேச்சை மாற்றி மழையைப் பற்றிப் பேசினார்கள்.

வாய்க்கால்மேடு ஒரே ஒரு நீள வீதி. ஒரு முனையில் மாரியம்மன் கோயில், மறு முனையில் சாயப்பட்டறையின் இரும்புக் கேட்டு, நடுவில் முதலாளி கட்டிவிட்ட லைன் வீடுகள். வேலாத்தாளின் புருஷன் சின்னுச்சாமியின் வீடு மட்டும்தான் சொந்த வீடு, அவன் ஒருவன்தான் லாரியில் லோடுமேனாகப் போகிறவன், மற்ற அத்தனை பேரும் அந்தக் கேட்டுக்குள் போய் வந்து சோறு தின்றார்கள். நவநீதனும் அப்படித்தான் போனான். தொட்டியில் அடைப்பு எடுக்க இறங்குடா என்று அவனிடம் சொன்னது மேஸ்திரி பொங்கியண்ணன். மூக்குக்கு ஒரு துணிகூட இல்லாமல் இறங்கியவனை ஏணியின் பாதியிலேயே விஷக்காற்று சாய்த்தது.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். பையன் குடித்திருந்தான், யாரும் சொல்லி இறங்கவில்லை, அவனாகத்தான் தொட்டிப் பக்கம் போனான் என்று பொங்கியண்ணன் சொன்னான். சாராய வாடை அடித்தது என்று பேக்கிங்கில் வேலை செய்யும் பக்கத்து வீட்டு ஜோதிமணி சொன்னாள். இன்னும் சிலர் அதையே வேறு வேறு வார்த்தைகளில் சொன்னார்கள், மீதிப்பேர் நாங்கள் எதையும் பார்க்கவில்லை என்றார்கள். இருமல் மருந்து குடித்தாலே தலைசுற்றி உட்கார்ந்துவிடுகிற பையன், குடிபோதையில் தவறி விழுந்து செத்தான் என்று எழுதி முடிக்கப்பட்டான்.

வேலாத்தாள் அந்த வருஷம் முழுக்க அழவில்லை. அவள் சோறு வடித்தாள், துணி அலசினாள், ரேஷன் கடை வரிசையில் நின்றாள், அவள் எங்கே போய் வந்தாலும் குழாய் வீட்டில் சொட்டிக்கொண்டே இருந்தது.

"ஏனுங்க, அதுக்கொரு வாஷர் மாத்துனா என்னங்க?" என்று புருஷனிடம் கேட்டால், "தேஞ்சிருக்கும் புள்ள, நாளைக்குப் பாக்கலாம்" என்பான் சின்னுச்சாமி. லாரியில் ஆணி கழன்றால் நடுரோட்டில் படுத்து முடுக்குகிறவன், அந்தக் குழாயை மட்டும் ஒருநாளும் தொடவில்லை. சத்தம் கேட்காமல் இருக்கச் சிங்க்கில் ஒரு பழந்துணியை மடித்துப் போட்டான், அது நீலமானதும் எடுத்து எறிந்துவிட்டு இன்னொன்றை மடித்துப் போட்டான்.

வருஷத் திதிக்கு வீதியே வந்து சாப்பிட்டது. பொங்கியண்ணனும் வந்தான், இரண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான், சமையலறைக்குள் வந்து கை கழுவும்போது முகத்தைச் சுளித்தான்.

"ஏனுங்க்கா, இந்தப் பைப்பை இன்னும் சரி பண்ணாம வெச்சிருக்கறீங்க? ஒரு வருஷமா நம்ம வீதியில நடந்து போனாலே இது காதுல வுழுகுது. கேக்கக் கேக்க என்னவோ மாதிரி இருக்குதுங்க."

வேலாத்தாள் அவனையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆகட்டுங்க மேஸ்திரி, நிறுத்தீர்றேன்" என்றாள்.

மறுநாள் விடியலில் சின்னுச்சாமி துணி பேல் ஏற்றிய லாரியில் வடக்கே கிளம்பினான். வேலாத்தாள் ஹார்டுவேர் கடைக்குப் போய் அரை இஞ்சு வாஷர் ஒன்றும் வெள்ளை டேப்பு ஒரு சுருளும் வாங்கி வந்தாள். புருஷனின் சாமான் பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்தாள், மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயின் வால்வை மூடினாள், குழாயின் தலையைப் பிடித்துத் திருகினாள். துருவேறிப் பிடித்துக்கொண்டிருந்த தலையைத் தேங்காயெண்ணெய் விட்டு, பல்லைக் கடித்து, காலைச் சுவரில் உதைத்துக் கழற்றினாள். உள்ளே பழைய வாஷர் கறுப்பாக, கூழாகி, நடுவில் பிளந்து கிடந்தது. அதை விரலால் நோண்டி எடுத்துவிட்டுப் புதியதை வைத்தாள், மரைக்கு டேப்பைச் சுற்றினாள், தலையை மாட்டி முடுக்கினாள், இன்னும் ஒரு சுற்று முடுக்கினாள். பிறகு வால்வைத் திறந்துவிட்டு வந்து நின்று பார்த்தாள். குழாயின் நுனியில் ஒரு சொட்டு திரண்டு, தொங்கி, விழாமல், மெல்ல உள்ளே போனது.

அந்த நேரத்தில் பொங்கியண்ணன் கேட்டுக்கு எதிரேயிருந்த டீக்கடையில் வடையைப் பிட்டு எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தான். சிரிப்பு நிற்காமலே அவனுடைய இரண்டு கண்ணிலிருந்தும் சொட்டத் தொடங்கியது. ஒரு மூச்சுக்கு ஒரு சொட்டு, அடுத்த மூச்சுக்கு அடுத்த சொட்டு. அவன் துடைத்தான், சொட்டியது, மறுபடி துடைத்தான், மறுபடி சொட்டியது, டீ கிளாஸின் ஓரத்தில் இளநீலமாக ஒரு கோடு இறங்கியது. பேக்கிங் மேசையில் பனியன் மடித்துக்கொண்டிருந்த ஜோதிமணிக்கு மடிப்பின் மேலேயே விழுந்தது. சாயங்காலம் ஷிப்டு முடிந்து எல்லாரும் கேட்டை விட்டு வெளியே வந்தபோது, விசாரணையில் பொய் சொன்னவர்களுக்கு இரண்டு கண்ணும் சொட்டியது, எதையும் பார்க்கவில்லை என்று சொன்னவர்களுக்கு ஒரு கண் மட்டும் சொட்டியது. யாருக்கும் நெஞ்சு அடைக்கவில்லை, தொண்டை விம்மவில்லை, துக்கம் என்று ஒன்றும் இல்லை, ஒழுகல் மட்டும் இருந்தது.

காரணம் யாரும் சொல்லித் தெரியவேண்டியதாக இருக்கவில்லை. வீதியில் குழாய்ச் சத்தம் நின்றிருந்தது. மறுநாளே பொங்கியண்ணன் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வேலாத்தாள் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, அந்தக் குழாயைக் கொஞ்சம் லூஸ் பண்ணி வுடுங்க. முழுசாக்கூட வேண்டாமுங்க, துளியூண்டு."

"என்ற பையன் குடிச்சிருந்தானுங்களா மேஸ்திரி?"

"அதெல்லாம் முடிஞ்சு போன சங்கதி இல்லீங்களா."

"அவன் குடிக்கலை, நாந்தான் இறக்கி வுட்டேன்னு ஆபீசுல போய்ச் சொல்லுங்க. சொல்லிப்போட்டு வாங்க, நானே கழட்டி வுடறேன்."

"சொன்னா பட்டறைக்குச் சீல் வெச்சிருவாங்க. இந்த வீதியில எத்தனை அடுப்பு எரியுதுன்னு நீங்க யோசிக்க வேண்டாமுங்களா?"

"நான் எதுக்குங்க யோசிக்கோணும். என்ற அடுப்பை யாரு யோசிச்சீங்க?" என்று கேட்டுவிட்டு வேலாத்தாள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கொஞ்ச நாள் வீதி தத்தளித்தது. பஸ் ஏறிக் கண் டாக்டரிடம் போனார்கள், அவர் டார்ச் அடித்துப் பார்த்துக் கண்ணீர் போகிற பாதையில் அடைப்பு என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார், மருந்து சொட்டச் சொட்ட அதையும் சேர்த்துக் கண் வெளியே சொட்டியது. கோயில் பூசாரிக்கு ஒரு கண் சொட்டியது, ஆத்தா இந்த வீதியைப் பார்த்துக் கண் திறந்துவிட்டாள் என்று அவர் குறி சொன்னார், அதற்கொரு பொங்கல் வைத்தார்கள், பொங்கலிலும் நீலம் விழுந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் பழகிப்போனது. டீக்கடைக்காரன் கிளாஸுக்கு மூடி போட்டுக் கொடுத்தான். பெண்கள் பூத்தொடுக்கும்போது மடியைத் தள்ளி வைத்து உட்காரப் பழகினார்கள். கணக்குப் பிள்ளை காகிதத்தைச் சாய்த்துப் பிடித்து எழுதப் பழகினான். பொங்கியண்ணனின் மகனுக்குக் கல்யாணம் வந்தபோது, தாலி கட்டும் நேரத்தில் இரண்டு கண்ணும் சொட்ட நின்ற மாமனாரைப் பார்த்து, இவ்வளவு பாசமான மனுஷன் வீட்டுக்குத்தான் நம் பெண் போகிறாள் என்று பெண்வீட்டார் மனம் குளிர்ந்து போனார்கள்.

ஆயுத பூஜைக்கு முதலாளி ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார், எல்லாம் நீலத் துண்டு, கறை தெரியாத நிறமாகப் பார்த்துப் பட்டறையிலேயே முக்கி எடுத்தது. வாங்கிக்கொண்டவர்கள் அவரை மகராசன் என்றார்கள். அவருக்குக் கண் சொட்டியதா என்று யாருக்கும் தெரியாது, அவருடைய காரின் கண்ணாடி கறுப்பு. அன்றிலிருந்து நீலத் துண்டு தோளில் இல்லாமல் வாய்க்கால்மேட்டில் யாரும் வெளியே வரவில்லை, பக்கத்து ஊர்க்காரர்கள் அதை அந்த வீதியின் வழக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள், வெளியூர்களிலிருந்து புதிதாக வேலைக்கு வந்து சேர்ந்தவர்கள் கண் சொட்டாமலே தங்களுக்கும் ஒரு துண்டு கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்கள்.

வேலாத்தாள் புருஷனுக்காகக் காத்திருந்தாள். தாய் சொன்னால் எடுபடாது, பெற்ற தகப்பன் வந்து நின்று, அவன் குடிக்கிற பையன் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் கேஸை மறுபடி எடுக்க வேண்டிவரும் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். சின்னுச்சாமியோ இந்த லோடை இறக்கி அடுத்த லோடை ஏற்றி, திரும்பாமல் வடக்கிலேயே சுற்றிக்கொண்டிருந்தான். டிரைவரின் போனிலிருந்து எப்போதாவது பேசினான். அவள் குழாயை நிறுத்தியதையும் வீதி ஒழுகுவதையும் விடாமல் சொன்னாள், மறுமுனையில் லாரியின் இரைச்சல்தான் கேட்டது.

"கேக்குதுங்களா?"

"கேக்குது, கேக்குது. குழாயை அப்படியேதான் வெச்சிருக்கறயா?"

"பின்னே? நீங்க வந்ததும் ரெண்டு பேருமா ஆபீசுக்குப் போலாமுங்க."

"இன்னும் ஒரு நடை இருக்குது புள்ள. முடிச்சுட்டு வர்றேன்."

இதற்கிடையில் ஜோதிமணியின் மகள் பிரசவத்துக்கு வந்து ஆண் குழந்தை பெற்றாள். ஜோதிமணி காலை நீட்டி உட்கார்ந்து பேரனைக் காலில் குப்புறப் போட்டுக் குளிக்க வார்த்தாள், துண்டை முகத்தில் இறுக்கிக் கட்டித்தான் இருந்தாள், அப்படியும் ஒரு சொட்டு தப்பிக் குழந்தையின் முதுகில் விழுந்து நீலமாக ஒட்டிக்கொண்டது. பயத்தமாவு போட்டுத் தேய்த்தாள், எண்ணெய் போட்டுத் தேய்த்தாள், தோல் சிவந்து குழந்தை வீறிட்டதே தவிர நீலம் போகவில்லை. அவள் குழந்தையை மகளிடம் கொடுத்துவிட்டு, ஈரச் சேலையோடு நேராக வேலாத்தாளிடம் வந்தாள்.

"நாஞ் சொன்னது பொய்யிங்க்கா. அவங்கிட்ட ஒரு வாடையும் அடிக்கலை. காலையில எனக்கு ரெண்டு முறுக்குக் குடுத்துப் போட்டுத்தான் தொட்டிப் பக்கம் போனான்."

"எனக்கு எதுக்குச் சொல்ற அம்மிணி. எனக்குத் தெரியாததா?"

ஜோதிமணி அன்றைக்கே பஸ் ஏறி விசாரணை ஆபீசுக்குப் போய்ச் சொன்னாள். அதிகாரி கேட்டுக்கொண்டார், எழுதியும் கொண்டார், ஓர் ஆள் மாற்றிச் சொல்வது போதாது, இன்னொருத்தரையும் கூட்டி வாருங்கள் என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் அவளுடைய கண் சொட்டுவது நின்றுவிட்டது. வீட்டில் குழந்தையின் முதுகும் வெளுத்திருந்தது. காய்ந்த கண்ணோடு அவள் வீதியில் இறங்கி நடந்ததை வாய்க்கால்மேடு முழுவதும் வாசலில் நின்று பார்த்தது. வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் நின்றுவிடும் என்பது அன்றைக்கு எல்லாருக்கும் தெரிந்துபோனது.

தெரிந்த பிறகும் யாரும் போகவில்லை. ஜோதிமணியைப் பட்டறையில் மறுநாள் கேட்டுக்குள் விடவில்லை, அவள் புருஷனையும் விடவில்லை, லைன் வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள். பாத்திரமும் கட்டிலும் தொட்டிலும் ஏற்றிய சரக்கு ஆட்டோ வீதியைத் தாண்டிப் போனபோது, இருபுறமும் நின்றவர்களின் கண்கள் சொட்டிக்கொண்டிருந்தன, ஆட்டோக்காரன் அதைப் பார்த்துவிட்டு, "உங்க மேல இந்த வீதிக்கு எத்தனை பிரியமுங்க" என்றான். வேலாத்தாள் மட்டும் ஆட்டோவோடு கோயில் வரை நடந்து போய், குழந்தையின் கையில் ஒரு வெல்லக்கட்டியை வைத்து மூடிவிட்டு வந்தாள்.

இனி இன்னொரு வாய் போதும். அந்த வாய் வந்துகொண்டிருக்கிறது என்று அவள் நம்பினாள். ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு காலை நேரத்தில் லாரி வந்து வீட்டு முன்னால் நின்றது. முதலில் டிரைவர் குதித்து இறங்கினான், வெளியூர்ப் பையன், ஒன்றும் அறியாதவன்.

"அம்மா, அண்ணனை மொதல்ல ஒரு நல்ல டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போங்க. இங்கிருந்து கிளம்புன அன்னைக்கு மத்தியானம், சேலம் தாண்டறதுக்குள்ள ஆரம்பிச்சது, இன்னும் ரெண்டு கண்ணும் ஒழுகுது. சொன்னா கேக்க மாட்டேங்கறாரு."

சின்னுச்சாமி தலையில் போட்டிருந்த துண்டை எடுக்காமல் மறுபக்கமாக இறங்கினான். மழையில் நனைந்த முகத்தில் எது மழை எது மற்றது என்று தெரியாமல் இருக்கட்டும் என்றோ என்னவோ அங்கேயே நின்றான். பனியனின் மார்பில் இரண்டு நீலக் கோடுகள் இறங்கியிருந்தன. ஒரு கண் என்றால்கூட வேலாத்தாள் பொறுத்திருப்பாள்.

அவள் அவனை உள்ளே வரச் சொன்னாள், தலை துவட்டத் துணி கொடுத்தாள், பிறகு எதிரில் நின்று கேட்டாள்.

"என்ன சொன்னீங்க?"

"சொல்லலை. பட்டறை ஆளுங்க எழுதிக் கொண்டாந்திருந்தாங்க, கையெழுத்துப் போட்டேன்."

"என்னன்னு?"

"அவனுக்குக் குடிப்பழக்கம் இருந்துதுன்னு. வீட்டுலயும் சொல்பேச்சுக் கேக்க மாட்டான்னு." அவன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான், தரையில் சொட்டியது. "ரெண்டு நாளாக் கெடங்குல கெடந்தான் வேலாத்தா. ஐஸுகூட இல்லை. நீ ஆஸ்பத்திரி வாசல்ல புரண்டு, என்ற பையனைக் குடுங்க, என்ற பையனைக் குடுங்கன்னு கத்திட்டே இருந்தே. இதுல கையெழுத்துப் போட்டா சாயங்காலத்துக்குள்ள வீடு வந்து சேரும்னாங்க. போட்டேன். வந்து சேந்தான்."

வேலாத்தாளுக்குத் தன்னுடைய அந்தக் குரல் நினைவுக்கு வந்தது. இரண்டு நாள் கத்திய கத்தலில்தான் மூன்றாம் நாள் அவளுக்குச் சத்தம் வராமல் போயிருந்தது. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"சரி, அன்னைக்கு எனக்காகப் போட்டீங்க" என்றாள் அவள். "இன்னைக்கு அவனுக்காக வாங்க. ஜோதிமணி சொல்லிட்டா. நீங்களும் சொன்னாப் போதும்."

சின்னுச்சாமி வெகுநேரம் யோசித்தான். அவன் எழுந்திருப்பான் என்று நினைத்து அவள் செருப்பைக்கூடப் பார்த்தாள்.

"பட்டறையை மூடீட்டா வீதியே நம்ம வாசல்ல வந்து நிக்கும். செத்தவன் வரப்போறானா?" என்றான் அவன். "வாஷரைக் கழட்டிரு வேலாத்தா. ஒழுகட்டும். ஒரு வருசமா ஒழுகிட்டுத்தானே இருந்துது, யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?"

வேலாத்தாள் ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

அவள் அரிசி வாங்கித் திரும்பி வந்தபோது வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. சமையலறைக்குள் கால் வைக்க இடமில்லை. பொங்கியண்ணன், பூசாரி, டீக்கடைக்காரன், நீலத் துண்டு போட்ட ஆணும் பெண்ணுமாக வீதியே நின்றிருந்தது, நடுவில் சின்னுச்சாமி ஸ்பேனரைப் பிடித்தபடி, கழற்றிய வாஷரை உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தான். குழாயிலிருந்து தண்ணீர் ஒழுகியது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கண்கள் நிற்கவில்லை. பொங்கியண்ணன் விரலை நீட்டி ஒழுகும் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தான். நிறமில்லாத, வாரம் ஒருமுறை விடுகிற, வெறும் குடிதண்ணீர். குழாயில் இருந்தது குழாயை விட்டு எப்போதோ போய்விட்டிருந்தது, போய்ச் சேர்ந்த இடத்திலிருந்து திரும்புவதாக இல்லை.

"தள்ளுங்க, தண்ணி வீணாப் போகுது" என்றாள் வேலாத்தாள்.

அவர்கள் விலகி வழிவிட்டார்கள். அவள் அரிசிப் பையை இறக்கி வைத்துவிட்டுப் புருஷனின் கையிலிருந்து வாஷரையும் ஸ்பேனரையும் வாங்கினாள், வால்வை மூடினாள், வாஷரை வைத்தாள், புதிதாக டேப்பைச் சுற்றினாள், தலையை மாட்டி முடுக்கினாள். ஒழுகல் நின்றது. ஒவ்வொருவராக வெளியேறி, வாசலில் தங்கள் தங்கள் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார்கள். ஷிப்டு மாறுகிற சங்கு ஊதியது, அவர்கள் நடையை எட்டிப் போட்டார்கள்.

வேலாத்தாள் அடுப்பைப் பற்ற வைத்தாள். சோறு வடித்து, பருப்பைக் கடைந்து, கத்தரிக்காயை வதக்கி, தட்டு வைத்துப் பரிமாறினாள். சின்னுச்சாமி குனிந்து பிசைந்தான். சோற்றின் மேல் ஒரு சொட்டு விழுந்தது, அவன் அதையும் சேர்த்துப் பிசைந்தான், இன்னொன்று விழுந்தது. தட்டைத் தள்ளி வைத்துப் பார்த்தான், துண்டால் கண்ணை அமுக்கிக்கொண்டு ஒரு கையால் சாப்பிட்டுப் பார்த்தான், கடைசியில் துண்டைப் போட்டுவிட்டுச் சொட்டச் சொட்டச் சாப்பிட்டான். சோறு மெல்ல மெல்ல நீலமாகிக்கொண்டிருந்தது. அவள் எதிரில் உட்கார்ந்து, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, காய்ந்த கண்ணால் அவன் ஒவ்வொரு வாய் விழுங்குவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உப்புப் பத்துதுங்களா?" என்று கேட்டாள்.

"பத்துது" என்றான் சின்னுச்சாமி.

அவள் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தாள்.